பழைய பி.எஃப். பணத்தைத் தேட எந்த வழி: செல்போனா, ஏஜென்ட்டா, 27-ஆம் தேதி முகாமா?

ஓசூரில் இரண்டு மூன்று கம்பெனி மாறியவர்கள் பலருக்கும் எங்காவது ஒரு பழைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு கிடக்கும். எனக்கு இரண்டு கிடந்தன. 2009-இலிருந்து மூன்று ஆண்டு சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட், அடுத்த மூன்று ஆண்டு எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் பொம்மசந்திராவில், 2015-இலிருந்து மறுபடி ஓசூர். கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, பென்ஷன் கணக்கில் பாதி சர்வீஸைக் காணோம் என்று அலைந்தார். அதைப் பார்த்துத்தான் நானும் தேடத் தொடங்கினேன்.

செல்போனில் நாமே தேடுவது முதல் வழி. கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்ணான யுஏஎன் 2014-இல்தான் வந்தது. அதற்குப் பிந்திய வேலையாக இருந்து, ஆதாரும் சரியாக இணைந்திருந்தால் இணையத்தில் வரும் பி.எஃப். பாஸ்புக்கிலேயே எல்லாம் தெரிந்துவிடும், வேறு யாரிடமும் போக வேண்டாம். என் பொம்மசந்திரா கணக்கு இப்படித்தான் கிடைத்தது. இப்போதைய கம்பெனியில் சேர்ந்தபோது பழைய எண்ணைச் சொல்லாததால் புது யுஏஎன் போட்டுவிட்டார்கள், அதனால்தான் அது தனியாக நின்றது.

இரண்டாவது வழி ஏஜென்ட். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவரிடம் விசாரித்தேன். கிடைக்கும் தொகையில் நூற்றுக்குப் பத்து, ஆதார் நகல், பாஸ்வேர்டு, வரும் ஓடிபி எல்லாம் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார். பாஸ்வேர்டு கொடுப்பது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். நான் யோசித்தது வேறு. அவர் ஒரு தடவைகூட ‘டிரான்ஸ்ஃபர்’ என்று சொல்லவில்லை, பணத்தை எடுப்பதைப் பற்றி மட்டுமே பேசினார். பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றினால் கையில் காசு வராது, அவருக்குப் பங்கும் வராது. ஆனால் நமக்கு நல்லது பெரும்பாலும் மாற்றுவதுதான். கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் எழுபதில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டு சர்வீஸும் மாத பென்ஷனில் கூட்டுகிறது. அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2014 செப்டம்பருக்கு முன்பு 6,500, அதற்குப் பிறகு 15,000. இந்த வரம்பை வைத்துப் பார்த்தால் என் பழைய ஆறு ஆண்டுக்கு 58 வயதுக்குப் பிறகு மாதம் 600 ரூபாய்க்கு மேல் வரும். பத்து ஆண்டு சர்வீஸ் நிரம்பாதவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். பத்து ஆண்டு இல்லையென்றால் மாதாந்திர பென்ஷனே கிடையாது.

ஆனால் எந்த வழி என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது என் பெயர்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 2009-இல் அந்த யூனிட்டில் இனிஷியலை முன்னால் போட்டு எழுதினார்கள். ஆதாரில் அது பின்னால் இருக்கிறது. பொம்மசந்திராவில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகவே சேர்த்துவிட்டார்கள். போதாததற்கு முதல் கணக்கில் என் பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு ‘ஏ’ விட்டுப்போயிருந்தது, பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, அங்கே வேறு. கம்ப்யூட்டருக்கு இவை மூன்று வேறு ஆட்கள். ஆதாரோடு பொருந்தாத கணக்கை செல்போனிலிருந்து நகர்த்த முடியாது. ஏஜென்ட்டும் அதே திரையின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார், அவராலும் முடியாது. 2017 அக்டோபர் முதல் ஆதாரை வைத்து வாங்கிய யுஏஎன் என்றால் பெயரையும் பிறந்த தேதியையும் நாமே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். என் முதல் கம்பெனி இப்போது இல்லை. ஷெட் மட்டும் நிற்கிறது, உள்ளே வேறு யாரோ பாகங்கள் செய்கிறார்கள்.

அதனால் மூன்றாவது வழிக்குப் போனேன். மாதம் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் பி.எஃப். அலுவலர்கள் வந்து உட்கார்ந்து குறை கேட்கும் ‘வைப்பு நிதி உங்கள் அருகில்’ முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். கிருஷ்ணகிரி மாவட்ட முகாம் எங்கே என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், இடம் மாறலாம்.

வெறுங்கையோடு போனால் அங்கேயும் பயனில்லை. பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத் தேடல் பக்கம் இருக்கிறது. கம்பெனி பெயரை அடித்தால் அதன் குறியீட்டு எண்ணும் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதும் வரும், லாக்இன் தேவையில்லை. நான் அந்த எண்ணோடு ஒரு பழைய சம்பளச் சீட்டு, டோக்கன் நம்பர் போட்ட ஐடி கார்டு, சம்பளம் ஏறிய வங்கி பாஸ்புக் மூன்றையும் எடுத்துப்போனேன். சீட்டின் மூலையில் டிஎன் என்று தொடங்கும் பி.எஃப். எண் இருந்தது. வேலை பாதி முடிந்தது அதனால்தான். பழைய சீட்டுகளைத் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது போட்டுவிடாதீர்கள்.

பெயர், பிறந்த தேதி திருத்தக் கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தில், மூடிய கம்பெனிக்குப் பதிலாக வேறொருவர் சான்று தரலாம் என்பதை அங்கேதான் எனக்கு விளக்கினார்கள். கெசட்டட் அதிகாரி, தபால் நிலைய அலுவலர், கணக்கு உள்ள வங்கியின் மேனேஜர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கள் ஊர் சப் போஸ்ட் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது முகாமில் படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள், மூன்றாவது மாதத்தில் பெயர் திருந்தியது. அப்புறம் டிரான்ஸ்ஃபரை நானே செல்போனில் போட்டேன். அதற்கு மட்டும் முதல் வழிதான் சிறந்தது.

முகாமுக்காக இரண்டு நாள் சம்பளம் போனது உண்மை. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியாதவர்களுக்கு அது கஷ்டம். அதேபோல பெரிய கம்பெனிகள் சில தங்கள் பி.எஃப்-ஐச் சொந்த டிரஸ்ட்டில் வைத்திருக்கும், அப்படிப்பட்ட கணக்கை நான் தேடியதில்லை. இறந்துபோனவர் கணக்கைக் குடும்பத்தார் கேட்பதும் என் அனுபவத்தில் இல்லை. அந்த இரண்டுக்கும் என் வழியை அப்படியே சொல்ல மாட்டேன்.

2009-இல் சேர்ந்த அந்தச் சின்ன யூனிட்டில் என் அடிப்படைச் சம்பளம் 5,000. மாதம் என் பங்கு 600, கம்பெனி பங்கில் பி.எஃப்-க்கு வந்தது 183. மூன்று ஆண்டில் சேர்ந்தது 28,000 சொச்சம். டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தபோது வட்டியோடு அது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. இப்போது அதுவும் இப்போதைய கம்பெனிக் கணக்கிலேயே 8.25 சதவீதத்தில் வளர்கிறது. எங்கள் லைனில் பக்கத்து மெஷினில் நிற்கும் தம்பிக்கும் பொம்மசந்திரா கணக்கு ஒன்று கிடக்கிறதாம். வரும் 27-க்கு அவனைக் கூட்டிப்போகிறேன், சம்பளச் சீட்டைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.