ஆன்லைன் ஆட்டத்தில் வியாபாரி: கடைப்பலகையா, மண்டியா, பொதி மாடா?

எனக்கு வாள் சண்டை ஒத்துவராது. எந்த ஆட்டத்துக்குள் போனாலும் பத்தாவது நிமிடம் கால் சந்தைப் பக்கம் போய்விடும். அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவர், அந்த வாசனை போகுமா? மூன்று ஆட்டங்களில் வியாபாரியாக இருந்து பார்த்துவிட்டு இப்போது ஆல்பியன் ஆன்லைனில் தங்கிவிட்டேன்.

ரக்னராக் ஆன்லைனில் வியாபாரி என்பது தனி வகுப்பு. தள்ளுவண்டி உண்டு. வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று இருக்கும் திறமைகளைப் பத்தாம் நிலைக்கு ஏற்றினால் ஆட்டத்தின் கடைகளில் 24 சதவீதம் மலிவாக வாங்கலாம், 24 சதவீதம் கூடுதலாக விற்கலாம். பிரான்டெரா நகர வீதியில் தலைக்கு மேல் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கும் அழகே அழகு. ஆனால் கடை திறந்திருக்க கணினியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2012 மின்வெட்டில் திருப்பூர் அறையில் யூபிஎஸ் கத்தக் கத்தக் கடை நடத்தியவனுக்கு அந்த அழகு கொஞ்ச நாளில் சலித்துவிட்டது.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. 2015-இல் வந்த கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையில் விலை போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். இலவசமாக ஆடினால் ஒரே நேரத்தில் விலை போட்டுவைக்க 3 இடம், சந்தா கட்டினால் 8. ஒவ்வொரு பொருளையும் 4 மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. விற்பவருக்கு 2 சதவீத வரி. ஆட்டக் காசு ஒரு லட்சத்துக்கு வாங்கி 1,02,000-க்கு விற்றால் வரி 2,040, ஆக 40 காசு கைநஷ்டம். பஸ்ஸில் போகும்போது மொபைலில் பார்த்துக்கொள்ள இதைவிட வசதி கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க ஒரே சந்தை, ஒரே விலை. சரக்கு எங்கிருந்தும் எங்கும் போவதில்லை. அங்கே நான் மண்டிக் கணக்குப்பிள்ளைதான், வியாபாரி இல்லை.

ஆல்பியனில் ஊருக்கு ஊர் சந்தை தனி. மார்ட்லாக்கில் தோல் பதப்படுத்தினால் கூடுதல் பலன், தெட்ஃபோர்டில் உலோகத்துக்கு, லிம்ஹர்ஸ்டில் துணிக்கு. பொள்ளாச்சிக்குத் தேங்காய், திருப்பூருக்குப் பனியன் மாதிரி. சரக்கைப் பொதி மாட்டில் ஏற்றி நாமேதான் ஓட்டிப்போக வேண்டும். எடை மீறினால் மாட்டின் நடை தளர்ந்துவிடும்.

மார்ட்லாக்கில் தோல் ஒன்று 1,000 வெள்ளி (இந்த ஆட்டத்தின் காசு), தெட்ஃபோர்டில் 1,200 என்று வையுங்கள். நூறு தோலுக்கு முதல் ஒரு லட்சம், விற்றால் 1,20,000. பிரீமியம் என்ற சந்தா இருந்தால் வரி 4 சதவீதம், விற்பனைக்குப் போடும் கட்டணம் 2.5, சேர்த்து 7,800 போக 12,200 மிச்சம். பிரீமியம் இல்லையென்றால் வரி 8 சதவீதம், மிச்சம் 7,400 ஆகச் சுருங்கிவிடும். வேறொருவர் விலையை இறக்கியதும் பதறிப்போய் எடுத்து மறுபடி போட்டால் அந்த 2.5-ஐ மீண்டும் அழ வேண்டும். முதல் மாதம் என் லாபமெல்லாம் அதில்தான் கரைந்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது, எனக்குத் தெரியவில்லை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் மாமா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம் மாப்ள, திரும்பி வாரப்ப மாடு காலியாவா வருது?"

"ஆமாங் மாமா."

"ரிட்டர்ன் லோடு இல்லாம எவனாச்சும் வண்டி ஓட்டுவானா?"

அன்றிலிருந்து தோல் போகிறது, உலோகக் கட்டி வருகிறது. அதே கால் மணி நேரப் பயணம், இரண்டு லாபம். சில நாள் கட்டியில் விலை வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான் நிற்கும், இருந்தாலும் ஏற்றிவிடுவேன். எப்படியும் மாடு நடக்கத்தானே போகிறது. மற்ற இரண்டு ஆட்டத்திலும் இந்தக் கணக்குக்கே இடமில்லை. நான் இங்கே தங்கியதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

ஆல்பியன் வரைபடத்தின் நடுவில் இருக்கும் கேர்லியன் நகரம் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அங்குள்ள கள்ளச்சந்தை ஆயுதங்களுக்கு நல்ல விலை தரும். ஆனால் சுற்றிலும் மற்ற ஆட்டக்காரர்கள் நம்மைத் தாக்கக்கூடிய சிவப்பு மண்டலம், அங்கே செத்தால் சரக்கு கொன்றவனுக்கு. நான்கு முறை போனேன், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். மாமாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.