தாடைக்குப் போனேன், கழுத்தையும் படம் எடுத்தார்கள்: 4 ஸ்டார்

தையல்காரிக்குக் கழுத்து வலிக்காமல் இருக்குமா என்று 15 வருஷம் ஓட்டிவிட்டேன். கீழ்த்தாடை உள்வாங்கிய முகம் எனக்கு. எனக்கே ரவிக்கை தைத்தால் பின்கழுத்து மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். தலையை முன்னால் நீட்டியே இருக்கிறவர்களுக்கு அப்படித்தான்.

முதலில் போன கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் கொடுத்து, ராத்திரி மாட்டிக்கொண்டு படுத்தால் கழுத்தெலும்பு தானாக இடத்தில் உட்காரும் என்றார்கள். 8 மாதம் மாட்டினேன். காசுதான் போயிற்று.

அப்புறம் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் தாடைக்கு அறுவை சிகிச்சை, இந்த ஸ்டார் அவர்களுக்குத்தான். அங்கே என்னை நிற்கவைத்து, எதிர்க்கண்ணாடியில் என் கண்ணையே பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தலை வழக்கமாக எப்படி நிற்குமோ அப்படியே படத்தில் வர வேண்டுமாம். டாக்டர் அதில் பென்சிலால் 2 கோடு போட்டார்: மண்டையோட்டின் அடியில் ஒன்று, மேலிருந்து இரண்டாவதாக இருக்கும் கழுத்தெலும்பை ஒட்டி இன்னொன்று. "தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் போகும், மூச்சுப்பாதை குறுகும். அதைத் திறந்து வைக்கத்தான் தலையை நீட்டி முகவாயைத் தூக்குகிறீர்கள்" என்றார். எனக்கு நேர்மாறாக, துருத்திய தாடையைப் பின்னுக்குத் தள்ளும்போது, நாவடி எலும்பு (நாக்குக்கு அடியில் இருக்கும் சின்ன எலும்பு) இறங்கி, சிலருக்குத் தலை அதற்கப்புறம்தான் அண்ணாந்துகொள்ளுமாம். "நான் வெட்டப்போவது தாடையை மட்டும். கழுத்து வலி போகும் என்று எழுதித் தர மாட்டேன்." அந்தப் பேச்சுக்கே ஒரு ஸ்டார்.

14 மாதம் பல்லுக்குக் கிளிப். பிறகு வாய்க்குள்ளேயே கீறி, தாடையெலும்பை இரண்டு பக்கமும் பிளந்து, 6 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்து முடுக்கினார்கள். 6 வாரம் மிக்ஸியில் அடித்த கஞ்சி.

ஆறு மாதம் கழித்து அதே கண்ணாடி, அதே எக்ஸ்ரே. இரண்டு கோட்டுக்கும் நடுவே கோணம் கொஞ்சம் குறைந்திருந்தது, அதாவது தலை அண்ணாந்து நிற்பது கொஞ்சம் குறைந்திருந்தது. கழுத்தெலும்புகளின் வளைவு பழையபடியேதான். வலி பாதி குறைந்தது, ஆனால் நடுவில் மிஷின் மேஜையையும் உயர்த்தியிருந்தேன், அதனால் எதற்குப் புண்ணியம் என்று தெரியவில்லை.

ஒரு ஸ்டார் குறைத்தது பில்லுக்காக. தகடு, திருகு எல்லாம் தனிக் கணக்கு என்பதை டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

உதடு மரத்துப்போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதில் குறையில்லை. இடது ஓரம் இன்னும் மரத்தபடிதான். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைப்பேன். ஒருநாள் சட்டையில் ரத்தச் சொட்டைப் பார்த்துத்தான் குத்தியதே தெரிந்தது. இப்போது மணிக்கட்டில் ஊசிமெத்தை கட்டியிருக்கிறேன்.