புல்ட்மனை நேரில் படிப்பதா, மறுப்பு நூல் வழியாகவா?

களியக்காவிளைப் பக்கம் ஒரு சின்ன வேதாகமப் பள்ளியில் புதிய ஏற்பாடு நடத்துகிறேன். கிறிஸ்து சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார் என்று முழு மனதோடு நம்புகிறவன். என்னைப் போன்றவர்கள் லிபரல் இறையியலை, அதாவது விசுவாசத்தை நவீன சிந்தனைக்கு ஏற்ப மாற்றி விளக்கும் இறையியலை, அணுக இரண்டு வழி உண்டு. ஒன்று, நம் பக்கத்தார் எழுதிய மறுப்பு நூல்களோடு நின்றுகொள்வது. மற்றது, அவர்கள் எழுதியதை நேரடியாகப் படிப்பது. அந்தப் பக்கமே திரும்பாதிருப்பதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. பாறசாலை தாண்டித் திருவனந்தபுரத்தில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் அந்தக் கேள்விகளோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

மறுப்பு நூலின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே: நேரம் மிச்சம், விசுவாசத்துக்குச் சேதமில்லை. பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். இயேசு என்றொருவர் வாழ்ந்ததையே ஜெர்மன் புதிய ஏற்பாட்டு அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் மறுத்தார் என்று ஒரு துண்டு நூலைப் பார்த்து வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு மாணவர் புல்ட்மன் 1926இல் இயேசுவைப் பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வந்து, "சாரே, இவரு நேர்மாறா இல்லா எழுதியிருக்காரு?" என்று பக்கத்தைக் காட்டினார். இயேசு வாழ்ந்தாரா என்ற சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லை என்று அங்கே இருந்தது.

என் முடிவை மாற்றியது அந்தப் பக்கம்தான். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளை லிபரல்களைப் பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டும். வேத வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் காக்கிறோம் என்கிறவர்கள் இன்னொருவர் சொல்லைத் திரித்தால், நாம் காப்பதாகச் சொல்வதை எந்த மாணவர் நம்புவார்? அன்று புல்ட்மனைப் பற்றி நான் சொன்னது பொய் என்றானதும், உயிர்த்தெழுதலைப் பற்றி நான் சொன்னதும் அவர்கள் மனதில் ஆட்டம் கண்டதைக் கண்ணால் பார்த்தேன். வேறு எந்த வசதியும் இந்த நஷ்டத்தை ஈடுகட்டாது.

நேரடியாகப் படித்தால் பதிலும் கூர்மையாகிறது. புல்ட்மன் பழைய லிபரல்களையே குறை சொன்னவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மின்விளக்கும் வானொலியும் பயன்படுத்திக்கொண்டே புதிய ஏற்பாட்டின் ஆவிகளையும் அற்புதங்களையும் நம்ப முடியாது என்று 1941இல் அவர் எழுதினார். எங்கள் ஊரிலோ காலையில் வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பு அனுப்புகிறவர்கள், சாயங்காலம் பிசாசு பிடித்தவருக்காக உபவாச ஜெபத்தில் உட்காருகிறார்கள். 'முடியாது' என்பது ஐரோப்பியப் படிப்பாளிகளின் அனுபவமே தவிர மனித இயல்பு அல்ல என்று நான் பதில் சொல்வது இதை வைத்துத்தான். நான் படித்த மறுப்பு நூல் எதிலும் இந்தப் பதில் இல்லை.

ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. லிபரல் இறையியலை எதிர்த்த அமெரிக்க அறிஞர் கிரெஷாம் மேச்சன், 1905-06இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் லிபரல் இறையியலாளர் வில்ஹெல்ம் ஹெர்மனின் வகுப்பில் உட்கார்ந்தார். ஹெர்மனின் பக்தி அவரை உலுக்கியது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலேயே அதைச் சொன்னார். தெளிவு பெறப் பல வருடம் ஆனது; 1914இல்தான் போதகராக அபிஷேகம் பெற்றார். லிபரலிசம் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவல்ல, வேறொரு மதம் என்று 1923இல் அவர் எழுதியதற்குக் கனம் வந்தது, எதிராளியை நேரில் கேட்டு, நேசித்து, அதன்பின் மறுத்ததால்தான். ஆகவே முதல் வருட மாணவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. மூன்றாம் வருடத்தில், அதுவும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து படிக்கச் சொல்கிறேன்.

இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் செமினரியில் சேர்ந்து படிப்பது இன்னும் நல்லதா? அப்படிப் படித்த நண்பர்களில் சிலர் உறுதிப்பட்டார்கள், சிலர் ஊழியத்தையே விட்டார்கள். நான் அங்கே படித்தவன் இல்லை. அதனால் யாருக்கும் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வருடம் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரை மறுக்கிறோமோ, அவர் வாதத்தை அவரே படித்தாலும் 'சரிதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் மறுப்பைத் தொடங்க வேண்டும். முதலில் எழுதிக் கொடுத்தவர், அன்று புல்ட்மன் நூலைக் கொண்டுவந்த அந்த மாணவர்தான். மதத்தை இகழ்ந்த படித்தவர்களை நோக்கி 1799இல், லிபரல் இறையியலின் தந்தை எனப்படும் ஷ்லையர்மாகர் எழுதிய உரைகளை எடுத்திருந்தார். அந்த மாணவர் எழுதும் மறுப்பை அடுத்த வாரம் வகுப்பில் வாசிக்கிறோம்.