டேப்லெட்டோடு இரண்டரை வருடம்

மகனுக்கு 3 வயது ஆகும்போது வாங்கியது. ஆட்டிசம் என்று தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவனுக்கு அப்போது ஒரு சொல்கூட வராது. இப்போது ஐந்தரை வயது. டேப் இன்னும் ஓடுகிறது, மூலையில் ஒரு கீறலோடு.

முதலில் நிறம், எண், எழுத்து சொல்லித் தரும் ஆப்களாகப் போட்டுத் தள்ளினேன். பதினைந்து இருக்கும், மிஞ்சியது இரண்டு. ஒன்றில் தப்பான விடையைத் தொட்டால் ‘டொய்ங்’ என்று சத்தம் வரும். கைதட்டலைவிட அவனுக்கு அதுதான் பிடித்துப்போனது. ஒரு வாரம் தப்பையே தொட்டான். புரியவில்லை போல என்று கவலைப்பட்டேன். எது சரி என்று தெரிந்ததால்தான் அதைத் தவிர்க்கிறான் என்பது எனக்குத்தான் மெதுவாக உறைத்தது. இன்னொன்றில் பந்தை உடனே காட்டுவான். தரையில் கிடக்கும் பந்தை எடுக்கச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அப்புறம் எங்கள் வீட்டுப் பொருட்களையே படம் எடுத்துப் போட்டேன். அதன்பின் திரையில் பார்த்ததைத் தேடிப்போய்த் தொட ஆரம்பித்தான்.

உண்மையில் உதவியது, படத்தைத் தொட்டால் சொல்லை உரக்கச் சொல்லும் ஏஏசி ஆப்தான். இதைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். அது பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட். அவனைத் தொடச் சொல்லாதீர்கள், நீங்கள் பேசும்போது நீங்கள் தொடுங்கள் என்றும் சொன்னார். நாலு மாதம் நான் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன், சுவரோடு பேசுவது போல. ஒருநாள் நிறம் கேட்டு அவனைக் குடைந்துகொண்டிருந்தபோது கையை நீட்டித் தொட்டான்: ‘போதும்.’ அவனாகச் சொன்ன முதல் சொல் அது. உடனே நிறுத்திவிட்டேன்.

சொற்களை முதலில் என் குரலில் பதிந்திருந்தேன். என் குரலே என்னிடம் ‘வேண்டாம்’ என்பது விசித்திரமாக இருந்ததால், அக்கா மகனின் குரலுக்கு மாற்றினோம். ஒரு அப்டேட்டில் பொத்தான்கள் இடம் மாறியதும் தலைகீழானது. நாம் டைப் செய்வது போல அவனும் இடத்தைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்திருக்கிறான். இரண்டு நாள் ஓயாத அழுகை. அன்றிலிருந்து ஆட்டோ அப்டேட் கிடையாது, வாரம் ஒரு பேக்கப்.

வேறு ஆப்புக்குத் தாவாமல் இருக்க ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் உண்டு. பூட்டுவதற்குச் சரி. ஆனால் நேரம் முடிந்ததும் திரை தானாக நின்றுபோகும் வசதியைப் போட்டு மாட்டிக்கொண்டேன். ‘இன்னும் 2 தடவை, அப்புறம் ஊஞ்சல்’ என்று பட அட்டை காட்டுவது எவ்வளவோ மேல்.

2 முதல் 4 வயதுவரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீடியோவை அதற்குள் அடக்கிவிடுவோம், அதுவும் பழைய போனில். பேசும் ஆப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேட்டை செய்தான் என்று டேப்பைப் பிடுங்கி வைப்பதும் இல்லை. அது அவன் வாயைப் பொத்துவது மாதிரி.

வாயால் இப்போது இருபது சொல் வரை வருகிறது. அது டேப்பால் வந்ததா, தானாக வந்திருக்குமா, தெரியாது.

வெளியே போயிருந்தபோது ஒருமுறை சார்ஜ் தீர்ந்து திண்டாடிவிட்டோம். பேசும் ஆப்பில் உள்ள அதே பக்கத்தை அச்சடித்து லேமினேட் செய்து பையில் போட்டிருக்கிறேன். இன்னொரு பிரதி குளியலறையில் தொங்குகிறது. அதில் ‘போதும்’ இருக்கும் இடம் மட்டும் உரிந்து வருகிறது.