மீண்டுவரும் செவிலியருக்கு எது துணை: பொதுக் கூட்டமா, செவிலியர் குழுவா, தனி வழிகாட்டியா?

போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, பொருள் கிடைக்கும் இடத்தின் பக்கமே போகாதீர்கள் என்பதுதான். செவிலியருக்கு அந்த அறிவுரையைச் சொல்ல முடியாது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரி அவருடைய பணியிடத்திலேயே இருக்கிறது. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அவர் அதன் எதிரேதான் போய் நிற்க வேண்டும். ஆகவே அவருக்கு எந்த வகைச் சக ஆதரவு பொருந்தும் என்ற கேள்வியைப் பொதுவான மீட்சிக் கேள்வியாகப் பார்த்தால் விடை தப்பாகிவிடும். நடைமுறையில் உள்ள வழிகள் முக்கியமாக மூன்று: எல்லோருக்கும் திறந்த கூட்டங்கள், செவிலியர்களுக்கு மட்டுமேயான குழுக்கள், ஒரே தொழிலைச் சேர்ந்த ஒருவர் இன்னொருவருக்குத் தனியாகத் துணை நிற்பது. இவற்றை நான் முதலில் அளப்பது ஒரே அளவுகோலால்தான்: அங்கே பேசப்படுவது யார் காதுக்குப் போய்ச் சேர்கிறது?

பொதுக் கூட்டங்களில் மூத்தது மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் என்பதால், மருத்துவத் துறையினருக்கு இந்த வழி தொடக்கத்திலிருந்தே அந்நியமானதல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு பார்த்தது. பன்னிரண்டு படி முறை எனப்படும் அந்த அமைப்பின் மீட்சி வழிக்குள் ஒருவரை முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து மதுவின்றி இருப்பதற்கு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற நிலைபெற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று அது கண்டது. ஆனால் அது மதுவைப் பற்றிய முடிவு. ஊசி மருந்துக்கு அடிமையான செவிலியருக்கு அதை அப்படியே பொருத்திப் பேசுவது சரியல்ல. போதைப் பொருள் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக 1953-இல் உருவான நார்கோட்டிக்ஸ் அனானிமஸும், பன்னிரண்டு படிகளை விரும்பாதவர்களுக்காக 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரியும் இதே வரிசையில் வருகின்றன.

இவற்றின் பெரிய பலம், கட்டணம் இல்லை, யாரும் யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை என்பது. இரவுப் பணி முடிந்து வருபவருக்கும் ஏதாவது ஒரு நேரத்தில் ஒரு கூட்டம் கிடைத்துவிடும். குறை, தொழில் சார்ந்த பேச்சில் தெரிகிறது. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய வலி மருந்தில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டதை ஒரு செவிலியர் அந்த அறையில் எப்படிச் சொல்வார்? கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் நேற்று அவருடைய வார்டில் படுத்திருந்தவராக இருக்கலாம். பெயரை வெளியிடக்கூடாது என்பது அங்கே மரபுதானே தவிர, சட்டம் தரும் காப்பு அல்ல. அதனால் பலர் பொதுக் கூட்டங்களில் தங்கள் தொழிலையே மறைத்துப் பேசுகிறார்கள். குற்ற உணர்வின் பெரும்பகுதி அந்தத் தொழிலுக்குள்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவதில் ஆறுதல் பாதிதான் கிடைக்கும்.

செவிலியர் குழுக்களின் அருமை இங்கேதான் புரிகிறது. 1982-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், போதைக்கு ஆளான செவிலியரைத் தண்டிப்பதற்கு முன் சிகிச்சைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே ஃப்ளோரிடா மாநிலம் இதற்கெனத் தனித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு பல மாநிலங்களில், உரிமத்தைப் பறிக்காமல் கண்காணிப்பில் வைத்து மீட்கும் திட்டங்கள் வளர்ந்தன. வாராந்தரச் செவிலியர் குழு அவற்றில் பலவற்றின் கட்டாய அங்கமானது.

அந்தக் குழுவில் பேசப்படுவதை வேறெங்கும் பேச முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: குப்பியில் மிஞ்சிய மருந்தைக் கொட்டி அழிக்கும்போது இன்னொரு செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் பலர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சில நொடிகளில்தான் பழைய நாட்களில் மருந்து கைமாறியது என்று ஒருவர் சொன்னால், குழுவில் இருக்கும் அனைவருக்கும் அந்த மேசை, அந்த ஊசி, அந்தக் கையெழுத்துப் புத்தகம் எல்லாம் கண்முன் வந்து நிற்கும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குத் திரும்பியவருக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்கள் போதை மருந்து அலமாரியின் சாவி கிடையாது. தன் நோயாளி வலியில் துடிக்கும்போது ஊசி போட இன்னொருவரைத் தேடி அழைக்க வேண்டும். பதிலுக்கு அவருடைய நோயாளிக்குக் கட்டு மாற்றியோ மாத்திரை கொடுத்தோ ஈடுசெய்ய வேண்டும். “உனக்கு ஏன் சாவி தரவில்லை?” என்று புதிதாக வந்தவர் கேட்டால் என்ன சொல்வது என்பதைக்கூட முன்னால் அதைக் கடந்தவர்தான் கற்றுத்தர முடியும்.

ஆனால் இதே குழுவில்தான் அந்த முதல் கேள்வியும் கூர்மையாகிறது. குழுவை நடத்துபவர் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்புகிறவராக இருந்தால், ஏங்குகிறேன், நேற்று அலமாரியின் முன்னால் கை நடுங்கியது என்று யார் வாய் திறப்பார்? உரிமம் போய்விடும் என்ற பயம் உள்ளவர் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிடுவார். மறுசறுக்கலுக்கு, அதாவது பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவதற்கு, முந்தைய வாரங்கள் அந்தப் பொய்யிலேயே கழியும். நோயாளியின் பாதுகாப்புக்காகக் கண்காணிப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனை அந்த வேலையைச் செய்யட்டும். குழுவிலிருந்து வருகைப் பதிவு மட்டும் போகட்டும். வருகையை மட்டும் அனுப்பும் குழுவையும், பேச்சின் சாரத்தையும் அனுப்பும் குழுவையும் ஒரே பெயரில் அழைப்பதே தவறு என்று கருதுகிறேன். சேர்வதற்கு முன், நான் சொல்வதில் எது எழுதப்படும், யாருக்கு அனுப்பப்படும், மறுசறுக்கல் ஏற்பட்டதாகச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று நடத்துபவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். தெளிவான பதில் இல்லாத குழுவில் மனத்தைத் திறக்க முடியாது.

மூன்றாவது வழி, தனி வழிகாட்டி. அமெரிக்க மயக்கவியல் செவிலியர் சங்கம் இதற்கென ஓர் உதவித் தொலைபேசியையும், மாநிலம்தோறும் தன்னார்வ ஆலோசகர்களையும் வைத்திருக்கிறது. மயக்க மருந்துப் பணிக்குத் திரும்பும் முன் குறைந்தது ஓராண்டு மீட்சியில் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. புரோபஃபால், சுஃபென்டனில் போன்ற மயக்க, வலி மருந்துகளைத் தினமும் கையில் எடுத்துக் கொடுக்கும் பிரிவு அது என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமே. இன்னும் யாரிடமும் சொல்லாதவருக்கு, பிடிபட்ட அன்றிரவு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அந்த இரவு தற்கொலை எண்ணம் எழக்கூடிய இரவு. அப்போது வேண்டியது வியாழக்கிழமைக் கூட்டம் அல்ல, உடனே எடுக்கப்படும் தொலைபேசி. குறையும் உண்டு. எல்லாமே அந்த ஒருவரின் நிதானத்தை நம்பி நிற்கிறது. அவரே தடுமாறினால் இருவரும் தடுமாறுவார்கள். ஒரே மருத்துவமனையில் வேலை செய்பவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வதும் உசிதமல்ல.

இணையவழிக் கூட்டங்களைத் தனி வகையாக எண்ண வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவருக்கும் சுழல்பணி செய்பவருக்கும் அவை கைகொடுக்கின்றன. ஆனால் எதிரே இருப்பவரின் முகவாட்டத்தையும் கண்களின் நிலையையும் கவனிக்கும் பழகிய கண்ணுக்குத் திரை ஈடாகாது.

தேர்வின்போது பலர் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி, அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்களுக்குத் தரப்படும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற சிகிச்சை மருந்துகளைப் பற்றியது. சில பொதுக் கூட்டங்களில், இவற்றை எடுத்துக்கொள்பவர் இன்னும் ‘சுத்தமாகவில்லை’ என்று கருதிப் பேச விடுவதில்லை. கண்காணிப்புத் திட்டங்களும் இதற்கு விலக்கல்ல: இம்மருந்துகளை எடுத்துக்கொள்ளும் செவிலியர்களை உதவித் திட்டத்திலிருந்து விலக்கியதால் இந்தியானா மாநிலச் செவிலியர் வாரியம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறிவிட்டது என்று 2022-இல் அமெரிக்க அரசின் நீதித் துறை அறிவித்தது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நிறுத்தினால்தான் இங்கே இடம் என்று எந்தக் குழு சொன்னாலும், அது எவ்வளவு அன்பான குழுவாக இருந்தாலும், வேறு குழுவைத் தேடுவதே உயிருக்குப் பாதுகாப்பு. அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர் சிகிச்சை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும் நேரத்தில் பழைய அளவையே மறுபடி எடுத்துவிடும் ஆபத்து மிக அதிகம்.

ஒன்றை மட்டும் எடு என்று என்னை வற்புறுத்தினால், வருகையை மட்டும் பதிவு செய்யும் செவிலியர் குழுவையே எடுப்பேன். அது கிடைக்காத இடத்தில், பொதுக் கூட்டத்தையும் வேறு மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு செவிலிய வழிகாட்டியையும் இணைத்துக்கொள்வது ஏறக்குறைய அதே பலனைத் தரும்: ஒன்று வாராவாரம் வாழ்க்கையைச் சுமக்கிறது, மற்றொன்று வார்டைப் பற்றிப் பேச இடம் தருகிறது. கண்காணிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். கட்டாயத்துக்காக வந்தவர்கள் அன்றோடு குழுவை விட்டு விலகும்போது, அதுவரை அவர்களைத் தாங்கிய சோதனையும் கூட்டமும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. அதனால் கடைசி ஆண்டிலேயே, கட்டாயமில்லாத ஒரு பொதுக் கூட்டத்துக்குப் போகத் தொடங்குவது நல்லது.