கோடாரி எறியப் போகிறவர்கள் முதலில் பலகையைத் தட்டிப் பாருங்கள்

காணும் பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடும்பத்தில் பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர் பாபநாசத்திலிருந்து வேன் பிடித்து, நெடுஞ்சாலையோரம் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு விளையாட்டுக் கூடத்துக்கு, மரப் பலகையில் குத்தி நிற்கும்படி கோடாரி எறியும் விளையாட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போது என் அத்தை மகள் கணுக்காலுக்கு மேலே நான்கு தையலோடு வந்தாள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கூடத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களைப் போலவே ஒன்றும் தெரியாமல் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

தொலைபேசியில் பேசியவர் ஆளுக்கு 450 ரூபாய் என்றும், முழுதாக ஒரு மணி நேரம் எறியலாம் என்றும், புதியவர்களுக்குப் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுப்பார் என்றும் உறுதியாகச் சொன்னார். அதை நம்பி 2,000 ரூபாய் முன்பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பினேன். ஐந்து மணிக்கு வரச் சொன்னவர்கள் ஐம்பது நிமிடம் வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே போனால் அது பழைய அரிசி ஆலைக் கிடங்கு. சிமெண்டுத் தரை, தவிட்டு வாசனைகூட இன்னும் போகவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் மீதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கத் தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விட முடியும் என்றான். பின்னால் பிள்ளைகள் அவசரப்படுத்தியதால், எல்லோர் சார்பிலும் நானே படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு, இப்போதும் மனசு உறுத்துகிறது.

அந்தப் பையனைத் தவிர அங்கே வேறு பயிற்சியாளர் யாரும் இல்லை. அவனும் ஒரு முறை எறிந்து காட்டிவிட்டுப் பணப் பெட்டிக்குப் போய்விட்டான். யார் செருப்போடு நிற்கிறார்கள், யார் கோட்டைத் தாண்டி நிற்கிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை.

எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த தச்சர். அவர் எறிய வரவில்லை, பிள்ளைகளோடு சும்மா வந்தவர். ஆனால் இலக்குப் பலகைக்கு அருகே போய் விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வைரம் பாஞ்ச வேப்பம்பலகைப்பா, அதையும் படுக்கவச்சு அடிச்சிருக்கானுங்க, கோடாரி குத்தாது, திருப்பித்தான் அடிக்கும்" என்றார். நாங்கள் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். இந்த விளையாட்டுக்குப் பைன் போன்ற மென்மையான மரத்தைத்தான், நார் மேலிருந்து கீழாக ஓடும்படி நிறுத்தி வைத்து அடிப்பார்கள். அப்போதுதான் செங்குத்தாக வரும் கோடாரி வாய் நாரைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கி நிற்கும். விறகு பிளந்தவர் எவருக்கும் இது தெரியும்: நாரோடு வெட்டினால் பிளக்கும், நாருக்குக் குறுக்கே வெட்டினால் கை அதிரும். எங்கள் பலகையில் கோடாரி இறங்கிய தழும்புகளைவிட, மோதி வழுக்கிய பளபளப்பான பள்ளங்களே அதிகம். அவற்றைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கோளாறு தூரம். உலகக் கோடாரி எறிதல் கூட்டமைப்பு 2017 முதல் நடத்திவரும் போட்டிகளில் சிறிய கோடாரிக்கு எறிகோடு இலக்கிலிருந்து 12 அடியில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் எறிந்தால் கோடாரி காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வாய் முன்னால் வரும் நேரத்தில் பலகையைத் தொடும். அங்கே தடுப்பு வைக்க இடம் போதாமல் ஒன்பது அடியில் கோடு போட்டிருந்தார்கள். பெரியப்பா எட்டு வைத்து அளந்து காட்டினார். சுற்று முடியுமுன்னே மோதுவதால் வாய் பதியாமல் தலைப்பகுதியோ காம்போதான் பலகையில் படுகிறது. புதியவர்கள் தங்களுக்குத்தான் எறியத் தெரியவில்லை என்று நினைத்து, இன்னும் பலமாக எறிகிறார்கள்.

என் அத்தை மகளும் அப்படித்தான் எறிந்தாள். காம்பு பலகையில் பட்டுத் தெறித்து, கோடாரி சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு வந்து, செருப்புக் காலின் மேல் வாயால் கீறியது. முறையாக நடத்தும் இடங்களில் மூடிய காலணி இல்லாமல் எறிய விடமாட்டார்கள் என்று பெங்களூருவில் ஏற்கெனவே எறிந்து பழகிய என் தம்பி பிறகு சொன்னான். பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இருப்பவர்கள் சேர்ந்து எறிந்து, இருவரும் எறிந்து முடித்த பிறகே சேர்ந்து போய்க் கோடாரியை எடுப்பார்கள் என்றும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கோடாரியை மாற்றவே கூடாது என்றும் சொன்னான். இதில் ஒன்றையும் எங்களுக்கு அந்தக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. முதலுதவிப் பெட்டி கேட்டோம், இல்லை. என் மனைவியின் துப்பட்டாவால் கட்டி, அரசு மருத்துவமனைக்கு எடுத்துப் போய்த் தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டோம்.

நாங்கள் எறிந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். மீதி நேரத்துக்குப் பணம் கேட்டபோது, காம்பு ஒடிந்துவிட்டது என்று சொல்லி 1,200 ரூபாய் மேலும் கேட்டார்கள். பூவரசங்கட்டையில் பெரியப்பா அரை மணியில் செதுக்கிவிடும் காம்பு அது. காயத்துக்குக் கூடம் பொறுப்பல்ல என்று சொல்லி, அந்தத் தாளில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். ரசீது கேட்டேன், தரவில்லை.

மறுநாளே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ரசீது இல்லாத எங்களுக்கு இப்போது கை கொடுப்பது கூகுள் பே பதிவும், பலகையின் படமும், மருத்துவமனைச் சீட்டும்தான். பணம் கொடுக்குமுன் ரசீதைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வேனைத் திருப்புங்கள்.

தையல் பிரித்தாகிவிட்டது, நடக்கிறாள். கூடம் இன்னும் திறந்திருக்கிறது. போன வாரம் அந்த வழியாகப் பேருந்தில் போனபோது, வாசலில் ஒரு கல்லூரிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது.