வட்டுக்கோட்டைக்குக் கீழே நின்று பார்த்தேன்: விஆரில் இணைப்புத் தரவு

யாழ்ப்பாணத்துப் பழைய கல்விமான்கள் எங்கே படித்தார்கள், யாரிடம் படித்தார்கள், எதைப் பதிப்பித்தார்கள் என்று விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளமான விக்கித்தரவிலிருந்து கொஞ்சமும் கையால் தட்டியது மீதியுமாக முந்நூறு பெயர் வரை, ஒன்றோடொன்று தொடுத்த இணைப்புத் தரவாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் வரைபடமாகப் போட்டால் சிக்குப்பட்ட நூல்தான், எந்தக் கோடு எங்கே போகிறது என்று பிடிக்கவே ஏலாது. கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை இரண்டு கிழமைக்குத் தந்துவிட்டுப் போனான். 3டி-ஃபோர்ஸ்-கிராஃப்-விஆர் என்ற இலவச நிரலில் அதே தரவை ஏற்றினேன். பெயர்கள் உருண்டைகளாகவும் தொடர்புகள் கோடுகளாகவும் என்னைச் சுற்றி நிற்கும்.

சரியான வடிவு! 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி என்ற மிஷன் கல்லூரி தலைக்கு மேலே பெரிய உருண்டையாக நிற்கிறது. தோளுயரத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளை, பக்கத்தில் விசுவநாதபிள்ளை, இரண்டு பேரிடமிருந்தும் கோடுகள் தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போகின்றன. அதன் முதல் பட்டதாரிகள் இவர்கள்தானே. ஆறுமுக நாவலர் எனக்குப் பின்னால், பேர்சிவல் பாதிரியாரோடு வேறொரு கூட்டத்தில் இருந்தார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தனியாகத் தொங்கியது 1868இல் வந்த தொல்காப்பியச் சேனாவரையப் (சேனாவரையர் உரை) பதிப்பு: நாவலர் பரிசோதித்தது, தாமோதரம்பிள்ளை பதிப்பித்தது. நானே தட்டிய வரிதான், ஆனாலும் அந்த இரண்டு கோடுகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரைச்சலும் உண்டு. உலாவி எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய) முகவரி இல்லாமல் விஆருக்குள் விடாது, அது விளங்கவே ஒரு பின்னேரம் போய்விட்டது. அப்புறம் தமிழ் எழுத்து. முன்கூட்டியே செய்து வைத்த எழுத்துப் படங்களை அடுக்கிக் காட்டும் முறையில் 'கோப்பாய்' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக உடைந்து வரும். பெயரை உலாவியையே படமாக வரையவிட்டு ஒட்டினால் சரியாகிவிடும், தமிழில் செய்கிறவர்கள் முதலிலேயே இதைச் செய்யுங்கள். பறந்து திரிந்தால் தலை சுற்றுகிறது, கதிரையில் இருந்து திரும்பிப் பார்ப்பதே சுகம். எங்கள் வெக்கைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் முகத்தில் வைத்திருக்கவும் முடியாது. ஆண்டு, பெயர் சரிபார்க்க அட்டவணைதான் நல்லது. இதற்காக மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யாரிடமாவது இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். அவ நேரே தான் படித்த உடுவில் மகளிர் பள்ளியைத் தேடினா. 1824இல் தொடங்கிய பள்ளிக்கூடம், ஓரத்தில் ஒரு கோடு கூட இல்லாமல் தனியாக நின்றது. "எங்கட பிள்ளையள் ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டா. அட்டவணையில் இவ்வளவு நாளும் என் கண்ணில் படவேயில்லை. இப்போது அந்தப் பெயர்களைத்தான் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன்.